துரை காலரில் ஒட்டிய கரி

சிங்கப்பூரில் எத்தனையோ கோர்ட்டுகள் உண்டு. பயப்பட வேண்டிய கோர்ட்டு ஒன்றுதான். அது சிராங்கூன் ரோட்டுப் பக்கம், கால்வாயில், முழங்கால் தண்ணீரில் நடந்தது. தீர்ப்பு சொன்னவர் எங்கள் துணி வெளுக்கும் ஜட்ஜய்யா. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அவர் வெளுத்தது சட்டையை அல்ல, சட்டைக்காரரை. "என்னடா, நேத்து ரிக்‌ஷாக்காரர்மேல கை நீட்டினியாமே?" என்று சட்டையைக் கேட்பார். சட்டை பேசாது. "வாயத் திறக்க மாட்டியா? சரி!" பளார், பளார் என்று கல்லில் விழும். நல்லவர் சட்டை பூப்போலத் திரும்பி வரும். மற்றவர் சட்டையில் பொத்தான் மிஞ்சாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கப்பல் கம்பெனி ஒன்றில் கடிதங்களுக்குத் தபால்தலை ஒட்டுவது வேலை. பயந்த சுபாவம் வேறு. சட்டையை அவரிடம் வெளுக்கப் போட்டுவிட்டு வந்தால், போன வாரம் யாரையாவது திட்டினோமா என்று யோசித்தே சோறு இறங்காது.

அந்த ஆபீசில் மாரியப்ப அண்ணன் பியூன். வந்தவர் பெயரை அவர் கூவினால் மாடியில் தூங்கும் குமாஸ்தா எழுந்து உட்காருவார். ஒருநாள் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை, கிளப்பில் நாடகம் என்று சொல்லி அவருடைய தலைப்பாகையைக் கேட்டார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. தானே போய்த் துரை தலையில் கட்டிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளப் வராந்தாவில் நின்றார்.

துரை பாட்டில் கார்க்கை எரித்து முகம், கழுத்தெல்லாம் கரி பூசிக்கொண்டு மேடையேறினார். கூனிக்குறுகி நடந்தார். பெயர்களைக் கடித்துக் குதறிக் கூவினார். குரங்குபோல் சொறிந்துகொண்டார். கிளப்பே உருண்டு சிரித்தது. அண்ணன் ஒருநாளும் கூனி நடந்தவரில்லை.

மறுநாள் ஆபீஸ் முழுக்க அதே கோணல் குரல். எல்லாம் நம்மவர்கள்தான்! "மாறீயாப்பூ, தண்ணி கொண்டா லா!" அவர் வாயைத் திறந்தால் போதும், ஒருவன் சொறிந்து காட்டுவான். அண்ணன் கூவுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் வந்து நின்று முணுமுணுப்பார். "ஊமைக்கு எதுக்குச் சம்பளம்? மாசக் கடைசிக்குள்ள கூவலேன்னா நின்னுக்க" என்றார் தலைமைக் குமாஸ்தா. வாயைப் பறித்ததும் இவர்கள், வாய் எங்கே என்று கேட்டதும் இவர்கள்! அதற்குப் பெயர் தமாஷாம்! சிரிக்காதவன் ரசனை கெட்டவனாம்! நான் என்ன செய்தேன்? தபால்தலைகளைக் கொஞ்சம் ஓங்கிக் குத்தி ஒட்டினேன்.

துரையின் சட்டை ஜட்ஜய்யாவிடம் வந்தது. காலர் முழுக்கக் கரி. நடந்ததைச் சொன்னேன். சட்டை இன்று நாராகும் என்று காத்திருந்தேன். அவர் கல்லில் ஓங்கவேயில்லை. காலரை விட்டு மற்றதை வெளுத்தார். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, தானே ஆபீசுக்கு எடுத்துவந்தார். நான் மேசைக்கடியில் இடம் பார்த்தேன்.

"கறுப்பு ஏன் போகலேன்னு துரை கேக்கறார்" என்றார் தலைமைக் குமாஸ்தா.

"அது அழுக்கில்லீங்களே. ஆசைப்பட்டுப் பூசிக்கிட்டது. அவரே வச்சுக்கட்டும்."

"ஏய், அது சும்மா தமாஷ் லா!"

"அப்ப மாரியப்பனும்ல சிரிச்சிருக்கணும்? சிரிச்சாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

யாரும் கேட்கவில்லை. தலைமைக் குமாஸ்தா மென்று விழுங்கி மொழிபெயர்த்ததும் துரை முகம் சிவந்தது. "இவனை வெளியே அனுப்பு!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணன் எழுந்தார். வாசல் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்தார். மார்பை நிமிர்த்திக் கூவினார்:

"ஜட்ஜய்யா வர்றாரு! வழி விடுங்க!"

மாடியில் நாற்காலி ஒன்று சரிந்த சத்தம் கேட்டது. ஒருவனும் சொறியவில்லை. அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். இதில் என்ன குற்றம் கண்டுபிடிப்பது? கூவவும் கூவியாயிற்று. கெடுவைப் பற்றித் தலைமைக் குமாஸ்தா அப்புறம் மூச்சுவிடவில்லை.

துரை மன்னிப்புக் கேட்கவில்லை. கம்பெனித் துணி வேறு ஆளுக்குப் போயிற்று. துரையைப் பகைக்கப் பயந்து கடைக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். ஜட்ஜய்யா குடும்பத்தோடு பினாங்குக்குக் கப்பலேறினார்.

அதன்பிறகு என் துணியை வேறு யாரிடமும் போட மனம் வரவில்லை. நானேதான் துவைக்கிறேன். வெளுப்பதேயில்லை.