பாலோவில் தாலி, மெர்சிங்கில் மேளம்

கல்யாண மண்டபத்தின் முன்வரிசையில் யாரை உட்கார வைப்பது, யாரைப் பின்னால் அனுப்புவது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாதவன் நெட்வொர்க் இன்ஜினியராக இருக்கவே கூடாது. நான் இருக்கிறேன். மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் செடெனாக்கில் ஒரு டேட்டா சென்டரில், ஃபைபர் லைனில் போகிற தகவல்களில் எது அவசரம், எது கொஞ்சம் காத்திருக்கலாம் என்று வரிசை பிரித்துவிடுவதுதான் என் உத்தியோகம். முன்பின் தெரியாதவர்களின் தகவல் என்றால் ஈவிரக்கமே இல்லாமல் பிரிப்பேன். சொந்தக்காரர்கள் என்று வந்தபோதுதான் என் வண்டவாளம் வெளியே வந்தது.

என் தங்கை கவிதாவுக்குப் பாலோவில் கல்யாணம். மழைக்காலம். முதல் நாள் மெர்சிங்கில் ஒரு கோயில் விசேஷத்துக்கு வாசிக்கப் போன எங்கள் மேளக்காரர்கள், வெள்ளத்தில் சாலை மூடப்பட்டு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். முகூர்த்த நாள் என்பதால் வேறு குழுவும் கிடைக்கவில்லை. அப்பா இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். ஒரே மகள், கெட்டிமேளம் இல்லாமல் அவள் கழுத்தில் தாலி ஏறுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ரெக்கார்ட் போட்டுக்கலாம்ப்பா. எல்லாம் ஒரே சத்தந்தான் லா," என்றாள் கவிதா.

(இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தால் குடும்ப மானம் தப்பித்திருக்கும்.)

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்? அவங்க அங்கேருந்தே வாசிக்கட்டும், இங்க ஸ்பீக்கர்ல கேக்கும். ஃபைபர்ல மெர்சிங் போய் வர்றதுக்குக் கண் சிமிட்டுற நேரங்கூட ஆகாதுப்பா!"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். இவனைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று அவர் முதன்முதலாக நம்பியது அப்போதுதான். கடைசியாக நம்பியதும் அப்போதுதான்.

மணவறைக்கு எதிரே ஒரு கேமரா வைத்தேன். ஐயர் கையைத் தூக்கிக் "கெட்டிமேளம்" என்று சொல்வது மெர்சிங்கில் ஒரு திரையில் தெரியும். அவர்கள் வாசிப்பார்கள், சத்தம் இங்கே வரும். விடிந்ததும் காலி மண்டபத்தில் சோதித்துப் பார்த்தேன். நான் கையைத் தூக்கிய மறு நொடி தவில் இடித்த இடியில் சமையல்காரர் ஓடி வந்து, "அலமாக், மேளக்காரங்க வந்துட்டாங்களா? பசியாறிட்டாங்களா?" என்று தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

லைன் எவ்வளவு அகலம் என்பது ஒன்று, அதில் போகிற தகவல் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது என்பது வேறொன்று. சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசலில் நின்ற ஜோகூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எவ்வளவு அகலமான ரோடும் அடைத்துக்கொள்ளும். அதனால் மண்டபத்து வைஃபையில் ஐயரின் படத்துக்கு மட்டும், ஆம்புலன்சுக்கு விடுவதுபோலத் தனி வழி விட்டிருந்தேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டம், போன் சிக்னல் சுத்தமாகக் கிடையாது, வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த வைஃபைதான் கதி. அவர்கள் பின்னால் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வந்தவர் பெரியம்மா. "தம்பி, எம் பொண்ணு, ஒங்கக்கா, சிங்கப்பூர்ல லீவு கெடைக்காம அழுவுறா. அவளுக்கு லைவ் காட்டுறேன், படம் நின்னு நின்னு போவுது. பெரியம்மா போனுக்கும் ஏதாச்சும் பண்ணேன்."

என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மா. ஆம்புலன்ஸ் வழியில் ஏற்றிவிட்டேன்.

அதைக் கண்ட சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, என் பக்கத்தில் வந்து நின்றார். "பொண்ணு வீட்டுக்கு மட்டுந்தான் லைனாங்க? நாங்கெல்லாம் என்ன, சும்மா சாப்பிட வந்தவங்களா?"

இதற்கு இல்லை என்று சொல்கிற துணிச்சல் எந்தப் பெண்வீட்டுக்காரனுக்கு உண்டு? அவரையும் ஏற்றினேன். அதற்குள் செய்தி பரவிவிட்டது. மாமாக்கள், சித்திகள், மாப்பிள்ளையின் மேலதிகாரி என்று வந்தவர்களையெல்லாம் ஏற்றினேன். ஒருவரையும் மனம் நோக விடவில்லை. தாலி எடுக்கிற நேரத்தில் அந்த மண்டபத்தில் எல்லோருமே ஆம்புலன்ஸ்.

ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

நிசப்தம்.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த நொடியில் லைவ் போட்டிருந்தார்கள். அவர்களின் வீடியோக்களுக்கு நடுவே ஐயரின் கை நசுங்கிக் கிடந்தது. மெர்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். "நேரம் போவுது, கட்டுங்க," என்று ஐயர் அதட்ட, மாப்பிள்ளை கட்டிவிட்டார். யாரும் அட்சதை போடவில்லை. மேளம் கேட்டால்தானே நம் கைகள் தானாக எழும்? எல்லோரும் மஞ்சள் அரிசியைப் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றார்கள்.

கெட்டிமேளம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காதில் விழக் கூடாதது எதுவும் விழாமல் இருக்கத்தான். அந்த அமைதியில், சிங்கப்பூர் அக்காவுக்கு வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"மாப்ள தங்கமான பையன்டி. அவங்கம்மா வாய்தான்... இங்க பேசுனா மெர்சிங் வரைக்கும் கேக்கும் லா!"

சம்பந்தியம்மா மெதுவாகத் திரும்பினார். கவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் நாளைக்குப் போய் வாழவேண்டிய வீடு அது. தாலி ஏறி ஒரு நிமிடம் ஆவதற்குள் குடும்பம் இரண்டாகப் போகிறது, காரணம் நான். சம்பந்தியம்மா மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்.

டமடமவென்று இடித்தது மேளம்.

மெர்சிங்குக்கு ஐயரின் கை அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களும் வெள்ளத்தில் அடைபட்ட ஆத்திரத்தையெல்லாம் தவிலில் காட்டினார்கள். கைகள் தானாக எழுந்தன. அத்தனை அட்சதையும் சம்பந்தியம்மாவைத் தாண்டித்தான் மணவறைக்குப் போகவேண்டியிருந்தது, பாதி போகவில்லை. அவர் கத்துகிறார், கையை ஆட்டுகிறார், தலையெல்லாம் மஞ்சள் அரிசி. மெர்சிங் வரைக்கும் கேட்கும் என்று சொல்லப்பட்ட குரல், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

மேளம் நின்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் பயந்துபோய் அவரையே பார்த்தோம். தலையிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, "இவ்ளோ நேரம் கத்துனேன், ஒருத்தருக்கும் கேக்கலியா?" என்றார். இல்லை என்று நாங்கள் தலையாட்டியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பா மட்டும் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை என்னோடு பேசவில்லை.

கல்யாண வீடியோவில் மேளத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தித் தருகிறேன் என்று வீடியோக்காரர் எவ்வளவோ சொன்னார். கவிதா கண்டிப்பாக மறுத்துவிட்டாள். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அவள் மகள் வளர்ந்தாள்.

போன மாதம் குளுவாங்கில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்ட, அதே நொடியில் கெட்டிமேளம் முழங்கியது. என் மடியில் இருந்த கவிதாவின் மகள், நான்கு வயசுக்காரி, திடுக்கிட்டு எழுந்து நின்று, மேளம் ஓய்ந்ததும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"தப்பு! தப்பு! இன்னும் பாட்டி கத்தவே இல்ல, அதுக்குள்ள அடிச்சிட்டாங்க!"