செம்பு மருந்தும் ஹட்டன் கதையும்

குற்றமுள்ள மனதோடு திரிகிறவனுக்கு அவன் உடம்பே பொலிஸ்காரன். ஒரு தும்மல் வந்தாலும் தன்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறது என்று நினைப்பான். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே காற்சட்டையை அவிழ்த்துக்கொண்டு நின்று தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடும் நோய் மலைநாட்டில் பரவியிருந்த காலம். அதற்குச் செம்பு மருந்து அடிப்பார்கள். நீலமும் பச்சையுமான அந்தத் தூளைப் பீப்பாயில் கரைத்து, முதுகில் பம்பு சுமந்த ஆட்களுக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பார்வை நான். கலக்குவதற்குத் தடி இருந்தது. நான் கையைவிட்டே கலக்குவேன். (வீரம் என்று நினைப்பு. பக்கத்து மலையில் சரசு கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள்.)

சரசு என் மாமா மகள். தையில் எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நாங்கள் தை வரைக்கும் பொறுக்கவில்லை. மாரியம்மன் தேர் பார்க்க எல்லோரும் போய், நாங்கள் குடியிருந்த லயமே காலியாகக் கிடந்த ஒரு பகலில், நாங்கள் இருவரும் போகவில்லை. (இதற்கு மேல் கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.)

அதோடு நின்றிருந்தால் நான் யோக்கியன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மேற்பார்வை வேலை கிடைத்த சந்தோஷத்தில் கூட்டாளி ஒருவனோடு ஹட்டன் டவுனுக்குப் போனவன், போகக்கூடாத ஒரு வீட்டுக்கும் போயிருந்தேன். திரும்பும் வழியில் அந்தக் கூட்டாளி ஒரு தகவல் சொன்னான். எரிச்சல் எடுத்து, துணியில் பச்சையாகக் கறை பட்டால் அது அந்த வியாதிதானாம். போகும்போது சொல்லவில்லை பாருங்கள்.

ஒரு நாள் வேலைக்கு நடுவே எரிந்தது. செடி மறைவுக்குப் போய்ப் பார்த்தேன். பச்சை.

அடிக்கடி மறைவுக்குப் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கூடியதே தவிரக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. வியாதியும் கொஞ்சம் அடங்கியது. முனியாண்டி சாமிக்கு நான் நேர்ந்திருந்த சேவல்தான் காரணம் என்று பூரித்துப்போனேன். திங்கட்கிழமை பீப்பாய்ப் பக்கம் போனதும் மறுபடி பிடித்துக்கொண்டது. முனியாண்டிக்கு ஒரு சேவல் போதவில்லை என்று இன்னொன்றும் நேர்ந்தேன். (இந்த மூளையை நம்பித்தான் தோட்டத்தில் பத்துப் பேரை ஒப்படைத்திருந்தார்கள்.)

என் உடம்பைவிடச் சரசுவை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. அவளுக்கும் கொடுத்துவிட்டேனோ? கேட்கவும் வாய் வரவில்லை. அப்பாவிடம் போய், கிரகம் சரியில்லை, கல்யாணத்தை அடுத்த வருசம் வைத்துக்கொள்ளலாம் என்றேன். பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடிக்கிற எனக்குக் கிரகம் எப்போதிலிருந்து தெரியும் என்று அப்பா திகைத்துப்போனார்.

மறுநாள் கொழுந்தை எடை போட்டதும் கூடையோடு நேராகப் பீப்பாயடிக்கு வந்துவிட்டாள் சரசு.

"கல்யாணத்தத் தள்ளிப் போடச் சொன்னீங்களாமே, மச்சான்?"

நான் பீப்பாயைக் கலக்கினேன்.

"அன்னைக்கோட ஆச தீந்துருச்சா ஒங்களுக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வாழ்க்கையே என் வாயில் இருந்தது. நானோ கிரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவமானம் பிடுங்கித் தின்றது. ஹட்டன், எரிச்சல், பச்சை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கூடையை இறக்கி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"நடங்க, டாக்டரய்யாகிட்ட," என்றாள்.

தோட்டத்து மருந்துச்சாலையில் டாக்டரய்யாவின் அறைக்குப் பலகைத் தடுப்புதான். சரசு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய், அவர் கேட்காததையும் சேர்த்து, ஹட்டன் வீட்டுக் கதவின் நிறம் வரைக்கும் ஒப்பித்தேன். அவர் பார்க்கவேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டச் சொன்னார். நகக்கண் எல்லாம் பச்சை.

"ஒங்க கூட்டத்துல ஒன்னையும் சேத்து இதோட நாலு பேரு வந்துட்டீங்க. எல்லாம் மருந்தத் தொட்ட கையோட ஒன்னுக்குப் போனவனுக. ஹட்டன் கதைய சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் சரசு சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், இருமி இருமிச் சிரித்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து, வெறும் செம்பு மருந்துதான் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"செம்பு மருந்து சோப்பு போட்டா போயிரும். ஹட்டன் போகுமா?"

உள்ளேயிருந்து டாக்டரய்யாதான் பதில் சொன்னார். புள்ள கேட்பது நியாயம், அந்த மாதிரி வியாதி வெளியே தெரியாமலும் உடம்பில் இருக்கும், இரண்டு பேரும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுங்கள் என்றார்.

போனோம். பஸ்ஸில் சரசு ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். நான் டிக்கோயா வரைக்கும் நின்றுகொண்டே போனேன். முடிவு கேட்கப் போன நாளும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் சரசு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

கல்யாணம் தையிலேயே நடந்தது. முனியாண்டிக்கு இரண்டு சேவலும் போய்ச் சேர்ந்தன. ஊரில் எல்லோரும் கொல்லைக்குப் போய்விட்டு வந்து கை கழுவுவார்கள். எங்கள் வீட்டில் போவதற்கு முன்னாலும் கழுவ வேண்டும். நான் எழுந்தால் போதும், "கையக் கழுவிட்டுப் போங்க" என்று சமையலறையிலிருந்து சத்தம் வரும். ஏதோ குடும்ப வழக்கம் என்று நினைத்து எங்கள் மருமகனும் பழகிவிட்டார்.

ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்றால் மட்டும் சரசு கை கழுவச் சொல்வதில்லை. பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிடுகிறாள்.