சேகருக்குக் கணக்கு வராது

"அண்ணை, கணக்கு மட்டுமட்டா இருக்கிற ஆள் கம்ப்யூட்டர் டிகிரி படிக்க ஏலுமோ?"

ஸ்ட்ரெதம் கஸ்பர் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவர். தென்லண்டனில் எந்தத் தமிழ் வீட்டில் இந்தச் சந்தேகம் கிளம்பினாலும் அவருடைய போன்தான் அடிக்கும்.

"ஆர் ஆள், தங்கச்சி?"

கனகாம்பிகை 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தாள். வயது முப்பத்தொன்பது. ஊரில் ஓ லெவல் பரீட்சையில் கணக்குக்குச் சாதாரண சித்தி, வெறும் பாஸ், அதுவும் இரண்டாம் தரம் எழுதி. கஸ்பருக்குச் சொன்னால் மனைவி டொலறஸுக்குத் தெரியும். டொலறஸுக்குத் தெரிந்தால் தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் தெரியும்.

"எங்கட சேகர்," என்றாள்.

சேகருக்குப் பதினாறு வயது. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது.

"சேகருக்கோ? பாவம். ஒரு பரீட்சை வைப்பாங்கள், அதைத் தாண்டினா மிச்சம் பழகலாம். பொடியனை நல்லா உருவேத்துங்கோ."

கனகாம்பிகை குரோய்டனில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் சாமான் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். இவள் மதியச் சாப்பாட்டு நேரங்களில் கையேட்டைப் படித்து, இரண்டு நாள் வேலையை ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தாள். மனேஜர் மெத்த நன்றி சொல்லிவிட்டு, டிகிரி வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அந்தப் பொறுப்பில் போட்டார். அவள் சந்தேகம் கேட்பது இன்றைக்கும் கனகாம்பிகையிடம்தான்.

கஸ்பரோடு கதைத்த அன்றைக்கே, வேலை முடிந்து போய்ப் படிக்கக்கூடிய பொலிடெக்னிக்கின் பின்னேர டிகிரிக்கு விண்ணப்பம் வாங்கினாள். ஏ லெவல் இல்லாதவர்களுக்குக் கணக்குப் பரீட்சை. இன்னும் மூன்று கிழமை, இருபது நாள்தான்.

மறுநாள் முருங்கைக்காய் வாங்கப் போன புருஷன் இராஜேந்திரன் வெறுங்கையோடு திரும்பினான்.

"இஞ்சேர், எங்கட சேகருக்குக் கணக்கு ஓடாதாம்! கடை முழுக்கக் கதைக்கினம். ஒருத்தன் என்ர முதுகைத் தடவி விடுறான்!"

"கஸ்பர் அண்ணை பிழையா விளங்கியிருப்பார்..."

"அப்ப நான் இப்பவே அவரிட்டப் போய்க் கேக்கிறன்."

"வேண்டாம், வேண்டாம்! கொஞ்சம் வீக்தான்," என்று கனகாம்பிகை அவசரமாக மகனைக் காவு கொடுத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "கணக்கு மட்டு எண்டா கம்ப்யூட்டர் படிக்கவே ஏலாதோ?"

"கஷ்டமாம். நான் விசாரிச்சனான்."

"எப்ப? ஆரிட்ட?"

"ஆரிட்டையோ!" என்று எரிந்து விழுந்தான்.

சனிக்கிழமையே, இராஜேந்திரன் ஒழுங்கு செய்த செபஸ்தியாம்பிள்ளை மாஸ்ரர் ரியூசனுக்கு வந்து இறங்கினார். சேகர், அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் பாய்ந்தான்.

"அம்மா, நான் நைன்ரி சிக்ஸ் எடுத்தனான்! எனக்கு ஏன் ரியூசன்?"

வேறு வழியில்லை. உண்மையைச் சொன்னாள். அவன் சிரித்து முடிய ஐந்து நிமிடம் எடுத்தது. புது ரெயினர்ஸ் சப்பாத்து என்ற பேரத்தில் வாயை மூடிக்கொண்டான்.

அதன்பிறகு வடைத் தட்டின் அடியில் அவளுடைய கேள்வி எழுதிய துண்டுக் காகிதம் போகும். 'வீதம் என்றால் என்ன?' சேகர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை மாஸ்ரரிடம் கேட்பான். கனகாம்பிகை குசினிக் கதவுக்குப் பின்னால் அகப்பைக் கையோடு குறிப்பெடுப்பாள். வடை இரண்டு தரம் கருகியது.

இராஜேந்திரனும் பொடியன் ஏமாற்றிவிடுவான் என்று பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் இருந்தான்.

"மாஸ்ரர், அந்தப் பின்னத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ. பொடியனுக்கு விளங்கேல்லை."

"எனக்கு விளங்கினது, அப்பா."

"வாயை மூடு. உனக்கு விளங்கேல்லை."

இரண்டாம் கிழமை மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருசம் படிப்பிச்சனான், இப்பிடி ஒரு பொடியனைக் காணேல்லை. பெரிய கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யிறான். ஆனால் வீதம் எண்டா என்னெண்டு மூண்டு தரம் கேக்கிறான்!"

"அப்ப புதன்கிழமையும் வாங்கோ, மாஸ்ரர்," என்றான் இராஜேந்திரன்.

மைத்துனி முறையான வசந்தமலர் மச்சாள் ஆறுதல் சொல்லக் கனகாம்பிகைக்குப் போன் எடுத்தாள். "கணக்கு வராட்டி என்ன, மச்சாள். பொடியன் நல்ல நிறம், சிவலை. ஒரு கடையில விட்டிடலாம்."

அது சேகரின் காதில் விழுந்தது. "அம்மா, என்ர பிரண்ட்ஸே 'வாய்ப்பாடு பாடமோ' எண்டு கேக்கிறாங்கள். அப்பா என்னைக் கெட்டிக்காரற்ர டொப் செற் வகுப்பில இருந்து இறக்கச் சொல்லித் திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போகப்போறாராம். உங்கட டெஸ்ற் முடிய நீங்கள் சொல்லாட்டி நானே சொல்லுவன்!"

"சொல்லுறன், ராசா. சனிக்கிழமை பரீட்சை, அதுமட்டும் பொறு."

சனிக்கிழமை காலை இராஜேந்திரன், தான் வேலை பார்க்கும் தபால் பிரிக்கும் நிலையத்தில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். புதுச் சேர்ட் போட்டிருந்தான். நல்லகாலம் என்று கனகாம்பிகை நினைத்தாள். சீலைக்கடைக்குப் போவதாக அவள் சொன்ன பொய்யை அவன் காதில் வாங்கவுமில்லை.

பொலிடெக்னிக் வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்தது ராஜி என்ற தமிழ் மாணவி. கனகாம்பிகை கைப்பையால் முகத்தை மறைத்தாள். 'தெரிஞ்ச ஆளாக இருந்தால் முடிஞ்சுது.' தெரியாத பிள்ளைதான். விண்ணப்பத்தை நீட்டினாள்.

ராஜி விண்ணப்பத்தைப் பார்த்தாள். பிறகு பட்டியலைப் பார்த்தாள். பிறகு கனகாம்பிகையைப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, வயது கூடிப்போச்சோ?"

"இல்லை அன்ரி, இதே அட்ரஸில இருந்து இராஜேந்திரன் எண்டு ஒரு அங்கிள் இப்பத்தான் உள்ளுக்குப் போனவர், கணக்கு மட்டுமட்டுத்தானாம், மகன்ர ரியூசனில பேப்பருக்குப் பின்னால ஒளிச்சிருந்து படிச்சவராம்!"