காத்து மேஸ்திரியின் மீசையும் மண்டி வண்டியின் கிளட்சும்

அறுபதுகளில் கொடைக்கானல் மலையில் ஒரே ஒரு வியாதிதான் இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். காத்து மேஸ்திரி நம்பினார். அந்த வியாதிக்குப் பெயர் காற்று. வயிற்றுவலி, வண்டிக் கோளாறு, புருஷன் பெண்டாட்டி சண்டை, மழை பெய்யாமல் போவது, அளவுக்கு மீறிப் பெய்துவிடுவது, எல்லாவற்றுக்கும் காரணம் எங்கேயோ காற்று அடைத்துக்கொண்டிருப்பதுதான் என்பது அவருடைய தீர்மானம். அதை வெளியே எடுத்துவிட்டால் உலகம் சரியாகிவிடும். அதற்காகவே ஆண்டவன் தன்னைப் படைத்து, கையில் ஒரு ஸ்பானரையும் கொடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்திருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் தபால்காரருக்குக்கூடத் தெரியாது. ஆள் ஒல்லி, மீசை மட்டும் ஆளைவிட ஒரு சுற்றுப் பெரிசு. பனி விழுகிற காலைகளில் அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் சொட்டும். அவர் எதிரில் வந்தால் முதலில் மீசை வரும், கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி வருவார்.

ஒருநாள் பஜனை மடத்து ஆர்மோனியம் ஊளையிட்டது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள காத்து இருக்குங்க" என்றார்.

"யோவ், ஆர்மோனியத்துக்குள்ள காத்துதான்யா இருக்கணும்!" என்று பாகவதர் கத்தினார்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அந்த வருஷம் முழுக்க பஜனை வெறும் ஜால்ராவோடு நடந்தது.

அவருக்கு ஜென்ம விரோதி ஒன்று உண்டு. உருளைக்கிழங்கு. கிழங்கு தின்றவன் உடம்பெல்லாம் வாயு. அவன் பெடலை மிதித்தால் அது கால் வழியாக இறங்கி வண்டிக்குள் போய்விடும் என்பார். கொட்டகைக் கதவில் கரியால் எழுதியே வைத்திருந்தார்: 'கிழங்கு தின்றவர்கள் வண்டியைத் தொடக் கூடாது.' திரும்பிய பக்கமெல்லாம் கிழங்கு விளைகிற ஊரில் இப்படி எழுதி வைத்துவிட்டு ஒரு மனிதர் தொழில் நடத்தினார் என்றால், அவர் கைத்திறமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தொட்ட வண்டி ஓடும். அதனால் யாரும் வாதாடவில்லை.

அப்போது நான் ஒரு காய்கறி மண்டியில் தராசு பிடிக்கிற வேலையில் இருந்தேன். எங்கள் முதலாளி ஏதோ ஓர் எஸ்டேட்டில் ஓடித் தேய்ந்த பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். மற்ற வண்டிகளில் கிளட்சை இழுக்க ஒரு கம்பி இருக்கும். இதில் கம்பி கிடையாது, எண்ணெய்தான். பெடலை மிதித்தால் குழாயில் இருக்கிற எண்ணெய் போய்க் கிளட்சைத் தள்ளும். குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் போச்சு. மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை நசுக்கவே சரியாக இருக்கும். பெடல் பஞ்சு மாதிரி தரையில் போய் உட்கார்ந்துகொள்ளும், கியர் விழாது.

ஒரு திங்கட்கிழமை அப்படித்தான் உட்கார்ந்துகொண்டது, மண்டி வாசலில், பிளம்ஸும் பீன்ஸும் ஏற்றிய நிலையில். வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோக முடியாது. மேஸ்திரிதான் எங்களிடம் வந்தார். காற்றுக்கென்றே பிறந்தவருக்குக் காற்றுப் பிடித்த கிளட்சு கிடைத்தால் கேட்கவேண்டுமா! கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி தலை சீவிக்கொண்டு வந்தார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. காற்று மட்டும் போகவில்லை. புதன்கிழமை காலையில் முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மேஸ்திரி, பீன்ஸெல்லாம் வாடிக் கெடக்கு. மதுரையில இருந்து ஒரு மெக்கானிக்க வரச் சொல்லிட்டேன். மத்தியான பஸ்ஸுல எறங்குறாரு. நீங்க போயி வேற சோலியப் பாருங்க."

மேஸ்திரியின் மீசை ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது. மதுரை ஆள், அதுவும் மலையேறி வந்து, தன் காற்றை எடுப்பதா?

"மொதலாளி, அந்த பஸ்ஸு வந்து நிக்கிறதுக்குள்ள இதுல இருக்குற காத்த ஒரு பொட்டு விடாம எடுத்துக் காட்டுறேனுங்க. இல்லேன்னா இந்த மீசைய எடுத்துடுறேன்!"

மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டார்கள். எதிர்ச் சாரியில் இருந்த சலூன்காரர் கேட்டுவிட்டு நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து, கிளட்சுப் பக்கம் காற்றை வெளியே விடுவதற்கென்று இருக்கிற சின்ன நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் நுனியை எண்ணெய் பாட்டிலில் விட்டிருப்பார். மேலே ஒருவன் பெடலை அமுக்கிப் பிடிக்கவேண்டும். அவர் நிப்பிளைத் திறப்பார், காற்றுக் குமிழி வரும், மூடுவார். மூடிய பிறகுதான் காலை எடுக்கவேண்டும். முந்தி எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஓடிவிடும்.

பெடலுக்கு ஆள் தேடினார். வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவன் கிழங்குப் பொரியல், ஒருவன் கிழங்குக் குழம்பு. கூக்கால் கிராமத்தில் இருந்து தன் காட்டுப் பூண்டைக் கொண்டு வந்த சம்சாரி, "எங்க ஊர்ல புள்ளைக்கு மொதச் சோறே கெழங்குதானுங்க" என்று கும்பிட்டு விலகினார். கடைசியில் நான்.

"ஏலே, காலையில என்ன தின்ன?"

"இட்லிங்க மேஸ்திரி."

"கெழங்கு?"

"தொடலைங்க."

"சாமி சத்தியமா?"

நான் மலையைப் பார்த்தேன். உண்மையில் நான் தின்றது டீக்கடை உருளைக்கிழங்கு போண்டா. நான்கு. பெடல் வேலை கிடைக்காவிட்டால் எனக்கு மூட்டை இறக்குகிற வேலைதான் வரும் என்பதால் தலையை ஆட்டிவிட்டேன்.

"அமுக்கு!" அமுக்கினேன். "பிடி!" பிடித்தேன். "விடு!" விட்டேன். ஒன்றிரண்டு குமிழி வந்தது. அப்புறம் வெறும் எண்ணெய். ஆனால் பெடல் மட்டும் அதே பஞ்சு. மறுபடி அமுக்கு, பிடி, விடு. ஒரு மணி நேரம் போயிற்று. வண்டிக்கு அடியிலிருந்து, "உள்ளதான் எங்கியோ ஒளிஞ்சுகிட்டு இருக்கான்!" என்று அவர் குரல் வந்துகொண்டிருந்தது. எதிரே சலூன்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தமும் வந்தது.

எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. கொடைக்கானலில், புதன்கிழமை காலையில், எனக்கு வியர்த்தது. ஒருவேளை அவர் சொல்வது நிஜமோ? நான்கு போண்டாவும் கால் வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறதோ? ஒரு மனிதரின் மீசை என்னால் போகப்போகிறதே!

"மேஸ்திரி... நாலு போண்டா தின்னுட்டேனுங்க."

அடியில் ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு எண்ணெய் வழிகிற முகத்தோடு வெளியே வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீக்கடையில் சொல்லி, பூண்டும் பெருங்காயமும் தட்டிப் போட்டு ஒரு செம்பு வெந்நீர் வாங்கி வந்தார்.

"குடி. மொதல்ல ஒன் காத்த எடுப்போம்."

குடித்தேன். வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. நிற்க முடியாமல் ரோட்டோரச் சாக்குகளின் மேல் விழுந்தேன். சரிவில் தலை கீழே, கால் மேலே. ஏப்பம் தொண்டைவரைகூட வரவில்லை. மேஸ்திரி வயிற்றை அமுக்கினார், பிடித்தார், விட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆளத் திருப்பிப் போடுங்கப்பா, செத்துகித்துப் போயிறப் போறான்" என்றார் முதலாளி. இரண்டு பேர் என்னைத் தூக்கித் தலையை மேட்டுப் பக்கமாகப் போட்டார்கள்.

ஏப்பம் வந்தது. ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததாக அப்புறம் சொன்னார்கள்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மலையில் வண்டி நிறுத்துகிறவர்கள் எல்லோரும் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்துத்தான் நிறுத்துவார்கள். பின்சக்கரத்துக்குக் கல் போட்டுவிடுவார்கள். மூக்கைப் பள்ளத்துப் பக்கம் வைப்பது ஏதோ தெய்வக் குற்றம் மாதிரி. எங்கள் வண்டியும் மூன்று நாளாக அப்படித்தான் நின்றது. ஆனால் அந்த வண்டியின் நிப்பிள் எண்ணெய்க் குழாயின் பின்பக்கத்து நுனியில் இருந்தது. காற்று மேட்டுப் பக்கம் போய் ஒதுங்கிக்கொள்ள, நாங்கள் பள்ளத்துப் பக்கத்து வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏலே, வண்டியத் திருப்புங்க! வெரசா!"

மண்டி ஆட்கள், கூக்கால் சம்சாரி, ஏப்பம் விட்ட நான், எல்லோரும் கயிறு கட்டி வண்டியைச் சமதளம்வரை பின்னால் இறக்கி, திருப்பி, மறுபடி மேட்டுக்குத் தள்ளி, மூக்குக் கீழே பார்க்க நிறுத்தினோம். முன்சக்கரத்துக்கு நான்கு கல். "நீயே ஏறு, ஒன் காத்துதான் போயிருச்சே" என்றார் மேஸ்திரி.

அமுக்கு. பிடி. பாட்டிலில் குமிழி பொங்கிக்கொண்டு வந்தது. விடு. மறுபடி அமுக்கினேன். பெடல் என் காலை எதிர்த்துத் தள்ளியது. மூன்று நாளாகக் காணாத எதிர்ப்பு! அதற்குள் கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. "அமுக்கு! பிடி! விடு!" பஸ் முக்கி முனகி ஏறி ஸ்டாண்டில் வந்து நின்றது. "இன்னொரு தடவ, அமுக்கு!" அமுக்கினேன். பெடல் கல்லாக நின்றது. எஞ்சினைக் கிளப்பினேன், கியர் வெண்ணெயாக விழுந்தது. சனம் கைதட்டிக் கூச்சல் போட்டது. மதுரை மெக்கானிக் பையோடு வந்து ஒன்றும் புரியாமல் தானும் கைதட்டினார்.

மேஸ்திரி வெளியே வந்தார். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ரோட்டைத் தாண்டி சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"யோவ், என்னய்யா! அதான் ஜெயிச்சுட்டீரே!" என்றார் முதலாளி.

"பஸ்ஸு நின்ன பெறகு ஒரு குமிழி வந்துச்சுங்க."

"ஒரே ஒரு குமிழிதானேய்யா! யாரு பாத்தா?"

"நான் பாத்தேனுங்களே."

சலூன்காரர், இரண்டு மணி நேரமாகக் கத்தி தீட்டியவர், "மேஸ்திரி, எனக்குக் கை வரமாட்டேங்குதுங்க" என்றார். "வெரசா எடப்பா, குளுருது" என்றார் இவர்.

மீசை போனதும் மேஸ்திரி முகம் இத்தனூண்டாகிவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் எழுந்ததும் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். என் மீசையை எடுக்கக் கத்திகூட வேண்டாம், துண்டால் அழுத்தித் துடைத்தாலே போதும்.

"ஒனக்கு எதுக்குலே?"

"நாலு போண்டாவுக்குங்க மேஸ்திரி."

அவர் சிரித்தார். அவருக்கு மேலுதடு இருப்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்று மாதத்தில் அவர் மீசை திரும்பி வந்துவிட்டது. என்னுடையது வர ஒரு வருஷம் ஆயிற்று. அந்த மனிதருக்காக இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாலும் போய் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.