கைக்குக் கை கொடுத்த கத்தி

உலகத்தில் இருக்கும் அத்தனை பொருளையும் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்த ஒரே மனிதர் அசல் பாய்தான். ஒன்று, அமெரிக்காவில் செய்தது. மற்றது, ஏமாற்று. இமயமலையைக் காட்டினாலும் அடியில் என்ன எழுத்து குத்தியிருக்கிறது என்று புரட்டிப் பார்த்திருப்பார்.

வாணியம்பாடிக்காரர். ஆட்டுத்தோல் வியாபாரம். சீனச் சண்டைக்கு முந்தின வருஷங்களில் நான் ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் ஒரு சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. சந்தை நாளில் பாய் தோல் வாங்க மலையேறுவார். வாங்கி முடித்ததும் நேரே என் மேஜைக்கு வருவார். பொடி எழுத்து இங்கிலீஷ் படித்துச் சொல்ல அவருக்கு அங்கே கிடைத்தவன் நான்தான்.

பாய் தேடியது ஒரு பேனாக்கத்தி. மடக்கிச் சட்டைப்பையில் போடுகிற சமாசாரம். ஆனால் அமெரிக்காவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். உலகச் சண்டைக் காலத்தில் ஒரு பட்டாள முகாமுக்குத் தோல் கொண்டுபோனபோது, ஓர் அமெரிக்கச் சிப்பாய் பாயின் மூட்டைக் கயிற்றைத் தன் கத்தியால் அறுத்துவிட்டு அதை மடக்கியிருக்கிறான். நடந்தது அவ்வளவுதான். மடக்கிய அந்தச் சத்தம் பாயின் காதிலேயே தங்கிவிட்டது.

“இன்னா சொல்றது சார்... ஊருக்குப் போன மனுசன் திரும்பி வந்து வூட்டுக் கதவ சாத்துவான் பாருங்க, அந்த மாதிரி சத்தம்.”

அதைத் தேடிக் கண்ணமங்கலம் பக்கம் பட்டாளத்திலிருந்து திரும்பியவர் வீடு ஒன்று விடாமல் தட்டினார். கிடைத்த கத்தியெல்லாம் என்னிடம் வரும். கையில் தர மாட்டார். மேஜைமேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் சண்டை வரும் என்று எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். பாய் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்.

அலகின் அடியில் இருக்கும் எழுத்தை நான் படிப்பேன்.

“இங்கிலாந்து, பாய்.”

பாய் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். “அது?”

“ஜெர்மனி.”

“பாவம்.”

ஒரு முறை, “யு.எஸ்.ஏ.ன்னே போட்டிருக்கு பாய்!” என்று நான் குதித்தேன். பாய் கத்தியை மடக்கிக் கேட்டார். “எழுத்து அமெரிக்கா. சத்தம் நம்மூரு சார். எவனோ பட்டறையில குத்திக் குடுத்துகிறான்.” இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் போல, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார்.

கடைசியில் சந்தவாசலில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகத் துப்பு கிடைத்தது. எழுத்துப் படிக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஹவில்தார் கத்தியைத் தரையில் வைத்தார்.

“பர்மாவுல ஒரு அமெரிக்காகாரன் குடுத்தது. இத்த வெச்சி இதுவரைக்கும் வெத்தல காம்புதான் கிள்ளிகிறேன்.”

எழுத்தைப் படித்தேன். பாய் மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு அவரே எடுத்து விரித்தார், மடக்கினார். டொக். நிஜமாகவே யாரோ வீடு திரும்பிக் கதவைச் சாத்தியதுபோல்தான் இருந்தது. பாய் துள்ளவில்லை. கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி ஹவில்தார் முன்னால் வைத்தார். அது சுவிட்சர்லாந்து வாட்ச். பாயின் கணக்கில் ஏமாற்று.

மலைக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போன லாரியில் திரும்பினோம். பாய் டிரைவர் பக்கத்தில். நான் காற்றுக்கு ஆசைப்பட்டு மூட்டைகள் மேல். ஒரு வளைவில் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, லாரி சாய்ந்தது, நான் சரிந்தேன். தார்ப்பாய்க் கயிறு கணுக்காலைச் சுற்றிக்கொள்ள, லாரியின் பக்கவாட்டில் தலைகீழாகத் தொங்கினேன், உலர்த்தப் போட்ட ஆட்டுத்தோல் மாதிரி.

கீழே பாதாளம் என்று முடிவு செய்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்பாவிடம் விடைபெற்றேன். ஆபீசரை மன்னித்தேன். வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி மலைக்கே கேட்கக் கூவினேனாம். பாய் பிற்பாடு சொன்ன சாட்சி.

டிரைவர் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டே கத்தினார்: “யாரும் மேல ஏறாதீங்க! பாய், இந்தாண்ட வந்துடு! மூட்ட சரிஞ்சா நசுங்கிப் பூடுவ!”

இறங்கி என் பக்கம் வந்துவிட்ட பாய் நகரவில்லை. என் காதருகில் அவர் மூச்சு கேட்டது.

“பாய்! கயித்த அறுங்க!”

“எனக்கு எட்டல சார். நீங்கதான் எம்பி அறுக்கணும்.”

“அப்ப கத்தியக் குடுங்க!”

ஒன்றும் வரவில்லை. “இன்னா பண்றீங்க பாய்?” என்று அலறினேன்.

“வெக்கறதுக்கு எடம் தேடறேன் சார். எங்க வெச்சா உங்களுக்கு எட்டும்?”

“நான் தலகீழா தொங்கறேன் பாய்!”

“அதான் சார் பாக்கறேன்.”

மேலே மூட்டைகள் முனகின. ஒன்று நழுவி எங்கள் பக்கத்தில் விழுந்து வெடித்தது. அடுத்த கணம் என் உள்ளங்கையில் கத்தி வந்து அழுந்தியது. கைக்குக் கை.

இன்றைய தொப்பையோடு அந்த வித்தையைச் செய்யச் சொன்னால் இன்னமும் தொங்கிக்கொண்டிருப்பேன். அன்று எம்பினேன், அறுத்தேன், பாதாளத்தில் விழுந்தேன். பாதாளம் ஒரு முழ ஆழம் இருந்தது. பாய் என்னை அள்ளி இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். அவர் நின்றிருந்த இடத்தில் மிச்ச மூட்டைகள் மொத்தமாகச் சரிந்தன.

எழுந்து உட்கார்ந்து கத்தியைத் தரையில் வைத்தேன். பாய் எடுக்கவில்லை.

“கைக்குக் கை குடுத்துட்டேன் சார். நமக்குள்ள ஒரு சண்ட வந்தே தீரும். அது வந்து முடியட்டும், அப்பறம் வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

அடுத்த சந்தை நாளில் மேஜை முன்னால் வந்து நின்றார். “சண்டைக்கு வந்துகிறேன் சார்.”

அத்தனை வருஷம் தேடிய கத்தி அவருக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று நானும் மனதார முயன்றேன். அவர்மேல் வீசும் தோல் நாற்றத்தைத் திட்டினேன். அவர் என் கையெழுத்தையும் சர்க்காரையும் சேர்த்துத் திட்டினார். மேஜையைக் குத்தினோம். ஆபீசர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். பாய் நிறுத்தி, என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இது டூப்ளிகேட்டு சார். உங்க கண்ணுல கோவமே இல்ல.”

“இருந்துச்சு பாய். நடுவுல சிரிப்பு வந்துடுச்சு.”

“அசலா வரட்டும். காத்துனு இருக்கலாம்.”

சந்தை தவறாமல் சண்டை போட்டோம். ஒன்றும் தேறவில்லை. மாற்றல் உத்தரவு வந்து நான் பஸ் ஏறிய அன்றும் ஜன்னலருகே வந்து, “துரோகி” என்று சொல்லிப் பார்த்தார். குரல் சரியாக எழும்பவில்லை. அவரே தலையாட்டி அதை நிராகரித்துவிட்டார்.

சில வருஷம் கழித்து வேலூருக்கு வேலையாக வந்தவன், கத்தியோடு வாணியம்பாடிக்குப் போனேன். பாயின் மகன் உட்காரவைத்துச் சொன்னார். பாய் ரம்ஜானுக்கு முன்னாலேயே போய்விட்டாராம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாராம்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லி அனுப்பட்டுமான்னு கேட்டோம் சார். அத்தாதான் வேணாம்னுட்டாரு. அவரு பயந்தவரு, அலறுவாருன்னாரு.”

எனக்குச் சுரீரென்று ஏறியது. நான் பயந்தவன் என்று தீர்ப்பெழுத இவர் யார்? சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப இவருக்கு யார் உரிமை கொடுத்தது? அந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்து, உள்ளே பெண்டுபிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க, பாயை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். சிரிப்பு வரவே இல்லை. அசலேதான்.

ஓய்ந்த பிறகு கத்தியை எடுத்து மடக்கினேன். ஊருக்குப் போன மனிதர் திரும்பி வந்ததுபோல் டொக் என்றது. தரையில் வைத்தேன்.

சண்டை முடிந்தது பாய். எடுத்துக்கொள்ளுங்கள்.