உருவிழந்த அடுப்பு

இடிந்ததை மறுபடி கட்டச் செங்கல்லும் களிமண்ணும் போதும் என்றொரு மூடநம்பிக்கை மக்களிடையே நிலவுகிறது. வருத்தத்துடன் மறுக்கிறேன். முதலில் வேண்டியது ஓர் ஆங்கிலப் பெயரடை.

எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் ஒரு பக்கச் சுவர் சரிந்தது. அந்த அடுப்பு எரிந்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அதைச் சரிசெய்ய அனுமதி கேட்டு, விண்ணப்பத்துடன் கட்டட அனுமதி அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே பதினோரு மணித் தேநீருக்குத் தினமும் பன் அனுப்புபவர் அவர்தான் என்பதால் வாசலில் யாரும் தடுக்கவில்லை.

"வேலையின் தன்மைங்கிற இடத்துல 'ரிப்பேர்'னு எழுதியிருக்கீங்களே?" என்றார் கண்காணிப்பாளர். "அது போன வருஷத்து வார்த்தை. இப்ப எல்லாமே 'ரீகன்ஸ்ட்ரக்டிவ்'."

உண்மைதான். மேலதிகாரி ஏதோ மாநாட்டிலிருந்து அந்தச் சொல்லைக் கொண்டுவந்த நாள்முதல், முடிதிருத்துபவர்கூட 'ரீகன்ஸ்ட்ரக்டிவ் ஷேவிங்' என்று பலகை மாட்டிவிட்டார்.

"அப்படியே எழுதிடுறேன் சார்."

"எழுதினா ஆச்சா?" கண்காணிப்பாளர் அகராதியைப் பிரித்தார். "'உருவிழந்ததை மீண்டும் உருவாக்குகிற.' உங்க அடுப்புல இன்னும் மூணு சுவர் நிக்குதே! பெயரடை எப்படிப் பொருந்தும்?"

வீட்டில் மனைவி கேட்டாள்: "நல்லா நிக்கிற சுவரையா இடிக்கப் போறீங்க?"

"அப்பத்தான்டி அந்த வார்த்தை உட்காருமாம்."

இடித்தார். தெருவே கூடி நின்று கைதட்டியது. தட்டி முடித்ததும் முடிதிருத்துபவர், வழக்கம்போல் இரண்டு ரொட்டி கேட்டார்.

மறுநாள் கண்காணிப்பாளர் நேரில் வந்து, வெறுந்தரையை இரண்டு முறை சுற்றி நடந்தார்.

"இங்க அடுப்பு இருந்ததுக்கு அத்தாட்சி?"

"நீங்க தினமும் சாப்பிட்ட பன்னு சார்!"

"அதைச் சமர்ப்பிக்க முடியுமா?"

"அதை நீங்கதான் சார் சமர்ப்பிக்கணும்."

கண்காணிப்பாளர் சற்று யோசித்துக் கோப்பில் எழுதினார்: 'மேற்படி ஆதாரம் அலுவலர்களால் பரிசீலனையின்போது உட்கொள்ளப்பட்டது. புதிய பன் ஒன்றை இணைத்து, மூன்று பிரதிகளில் மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

"அடுப்பே இல்லாம பன்னுக்கு நான் எங்க சார் போவேன்?"

"அது விண்ணப்பதாரர் பொறுப்பு."

அடுத்த நாள் பதினோரு மணிக்குத் தேநீர் வந்தது. ரொட்டிக்கடைத் தட்டும் வந்தது. அதில் விண்ணப்பத்தின் மூன்று பிரதிகள் இருந்தன. பேச்சு சுவாரசியத்தில் கண்காணிப்பாளர் ஒன்றை எடுத்துத் தேநீரில் தோய்த்தார்.