மேகத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெட்டியில் ஊசி குத்தியது

லேயர் ஊர்,
வெள்ளிக்கிழமை.

மைத்துனன் ஒக்கோவுக்கு, உன் அக்காள் கணவன் ஹப்போ எழுதுவது.

சென்ற ஞாயிறு மதியம் மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு, என் இணையப் பெட்டியான ரௌட்டரின் முதுகில் உள்ள ரீசெட் துளைக்குள் நீ ஊசியைக் குத்தினாய். குற்றம் அதுதான். இதைச் சொன்ன பிறகே நலம் விசாரிக்க மனம் வருகிறது. நாங்கள் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும், ஊசி பிடித்தது முழங்கால் அல்ல.

நீ தொலைபேசி இலாகாவில் முப்பது வருடம் இருந்தவன். நான் மதகுக் காவலன். படித்ததெல்லாம் நானாகப் படித்தது. நார்வேக்கு வடக்கே ஒரு தீவில் கடற்பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கும் எங்கள் மகள் டோம்கே, மூன்று வருடமாக வீட்டுக்கு வரவில்லை என்பது உனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் மூன்றேகாலுக்குத் திரையில் வந்து எங்களோடு டீ குடிக்கிறாளே, அந்த அரைமணிதான் எங்களுக்கு மகள். அதிலும், ரௌட்டரோடு வந்த மென்பொருளில் அவள் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்துவிடும், கோப்பை உதட்டுக்கு வராமலே நின்றுவிடும், உன் அக்கா கெஷே துணியெடுத்துத் திரையைத் துடைப்பாள். அதனால்தான் குளிர்காலம் முழுக்கப் படித்து, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை அதே பழைய ரௌட்டருக்குள் ஏற்றினேன். ஏற்றிய பிறகுதான் தெரிந்தது: சுற்றியுள்ள விடுமுறை வீடுகளில் ஆளில்லாவிட்டாலும் ரௌட்டர்கள் மட்டும் இருந்துகொண்டு, எல்லாம் ஒரே அலைவரிசையில் சந்தைக் கூச்சல் போடுகின்றன. ஒரே ஓர் அலைவரிசை காலியாகக் கிடந்தது. அது வானிலை ரேடார் உலவும் இடம். அங்கே பேச விரும்பும் பெட்டி முதலில் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு, ரேடார் மேகம் தேடிக்கொண்டிருக்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. பொறுமையில்லாதவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

ஆகவே மூன்று மணிக்குப் பெட்டியை எழுப்புவேன். கெஷே டீ ஊற்றுவாள். கோப்பைக்குள் கற்கண்டு மெல்ல வெடிக்கும். ஓரமாக விட்ட பாலேடு அடிக்குப் போய், சின்ன மேகமாக எழும்பி வரும். யாரும் கலக்க மாட்டோம். யாரும் பேச மாட்டோம். ஜன்னலுக்கு வெளியே, மாடுகளுக்கு மேலே, நிஜ மேகம் ஒன்று அவசரமில்லாமல் கடல் பக்கம் போகும். பெட்டியும் நாங்களும் ஒரே சங்கதியைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். கோப்பை காலியாகும்போது விளக்கு பச்சையாகும். இரண்டு ஞாயிறு டோம்கே உறையவே இல்லை. காற்றில் கலைந்த முடியை அவள் காதுக்குப் பின்னால் ஒதுக்கியதைக்கூட முழுசாகப் பார்த்தோம்.

மூன்றாம் ஞாயிறு நீ வந்தாய்.

"அத்தான், உங்க பெட்டி செத்துப்போச்சு."

"சாகல. கேட்டுக்கிட்டிருக்கு."

"எதை?"

"மேகத்தை."

"அக்கா, அத்தானை டாக்டர்கிட்டக் காட்டினியா?"

"ரெண்டு பேரும் முதல்ல டீயைக் குடிங்க" என்றாள் அவள். நான் பாலேடு எடுக்க நிலவறைக்கு இறங்கினேன். ஏறி வந்தபோது உன் கையில் ஊசி இருந்தது. "எல்லாத்துக்கும் இதான் மருந்து அத்தான்" என்று சிரித்தாய்.

ஊசி குத்தினால் பெட்டி தான் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். இந்த மென்பொருளில் அது வைஃபை இல்லாமல், வாய் மூடித்தான் பிறக்கும். கேபிள் மாட்டித்தான் பேச வைக்க வேண்டும். முதல் தடவை இரவல் கணினியில் செய்தேன், அது திரும்பிப் போய்விட்டது. என் கணினியில் கேபிள் துளை இல்லை. வீட்டுத் தொலைபேசியும் அந்தப் பெட்டி வழியாகத்தான். கைபேசியை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. "தம்பி வீட்டுக்குப் போயாவது பொண்ணுக்கு ஒரு போன் பண்ணுவோம்ங்க. பயந்துபோயிருப்பா" என்று ஐந்து நாளாகக் கெஷே கெஞ்சுகிறாள். குற்றவாளி வீட்டுப் படியேற மாட்டேன் என்றேன். ஏற மாட்டேன். ஆனால் அன்று மூன்றேகாலுக்கு டோம்கே வெறும் திரைக்கு எதிரே கோப்பையோடு உட்கார்ந்திருந்திருப்பாள் என்ற நினைப்பு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

எனவே, உன் பரணில் கிடக்கும், கேபிள் துளை உள்ள பழைய கணினியை நீ நாளைக்குள் கொண்டுவந்து தர வேண்டும். அதற்கு முன் டோம்கேக்குப் போன் செய்து, குத்தியது நீதான் என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டும். பெட்டியை நான் சரிசெய்வேன். நீ தொடக் கூடாது. கெஷே மூன்று கோப்பை ஊற்றுவாள். அந்தப் பத்து நிமிடமும் நீ கையை மடியில் வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்க்க வேண்டும். ஊசியை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்.

உன் அடுப்பும் முழங்காலும் சூடு குறையாமல் இருக்க வாழ்த்தும்,
ஹப்போ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது வாசல் மணி அடித்தது. டோம்கே. முதுகில் மூட்டை, காலில் பறவை எச்சம் காய்ந்து ஒட்டிய பூட்ஸ். "உயிரோடதான் இருக்கீங்களா? நாலு நாளா கப்பலு, ரயிலுன்னு ஓடி வர்றேன்ப்பா!" என்று கத்திவிட்டு அழுதாள். இப்போது எதிரே உட்கார்ந்து இரண்டாவது கோப்பை குடிக்கிறாள். எங்கும் உறையவில்லை. வைஃபை பாஸ்வேர்டு கேட்டாள். "இல்லம்மா, ஒக்கோ மாமா கெடுத்துட்டாரு" என்றேன். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் மாற்ற மாட்டேன், எல்லாம் நியாயம். ஆனால் கணினியைக் கொண்டுவராதே. அவள் மூன்று வாரம் இருப்பாளாம். அவள் திரும்பிப் போய், பெட்டியை நான் சரிசெய்து, ஆறு மாதம் ஆனதும், ஒரு ஞாயிறு மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு வா. நான் நிலவறையில் இருப்பேன். ஊசியை மறந்துவிடாதே.